பின்னால் அமர்பவரின் ஹக்

இரு சக்கர வாகனத்தை ஓட்டுபவருக்குச் சாலையில் வரும் பள்ளம் முன்கூட்டியே கண்ணில் படும். கை பிரேக்கைத் தேடும். உடல் தானாகவே சற்று எழுந்துகொள்ளும். பின்னால் அமர்ந்திருப்பவருக்கு அந்த முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. அவர் காண்பது ஓட்டுபவரின் முதுகை மட்டுமே. அமரும் இடமும் வேறு. ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் அமர்கிறார். பின்னால் இருப்பவரோ ஏறத்தாழப் பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலேயே அமர்கிறார். சக்கரம் வாங்கும் அடி அவரிடம் முதலில் வந்து சேர்கிறது. அந்த அடியைத் தணிப்பதற்காகவே பின்சக்கரத்தோடு ஷாக் அப்சார்பர் என்னும் பாகம் பொருத்தப்பட்டிருக்கிறது.

நம் வீடுகளில் அந்த இருக்கையில் அமர்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவரிடம் போகும் தாய், மதரஸாவுக்குப் போகும் பிள்ளை, கருவுற்றிருக்கும் மனைவி, ஜும்ஆவுக்கு அழைத்துச் செல்லப்படும் வயது முதிர்ந்த மாமா. இவர்களில் எவரும் வண்டியைப் பற்றிக் குறை சொல்லிப் பழகியவர்கள் அல்லர். "ரோடு சரியில்லை" என்று சாலையின்மீது பழியைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். ஷாக் தேய்ந்த வண்டியின் குறையை முதலில் சுமப்பவர்களும் அவர்களே, கடைசியாக வாய் திறப்பவர்களும் அவர்களே.

இந்தச் சிறிய பாகம் சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தை ஒரு பெரிய கேள்வியின் முன் நிறுத்தியது. நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவரும் எங்கள் தங்கையும். மற்ற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறோம்.

எங்கள் அத்தா தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில் நெல் வியாபாரம் செய்தார்கள். பெரிய வியாபாரம் அன்று. சுற்றுவட்டாரக் கிராமங்களில் விவசாயிகளிடம் வாங்கி அரிசி ஆலைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். அந்த அலைச்சலுக்காக 1986இல் ஒரு பழைய புல்லட்டை வாங்கினார்கள். அது 1974ஆம் ஆண்டு மாடல். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியில் தனியாக இரண்டு ஸ்பிரிங்குகள். பின்னால் ஒரு சிறிய மெத்தை. அந்த மெத்தையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் அம்மா அமர்ந்து சென்றிருக்கிறார்கள்.

அத்தாவின் வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டையின் வாயில் இருக்கும் நெல்லைப் பார்த்து விலை பேச மாட்டார்கள். குத்தூசியை மூட்டையின் நடுவில் செலுத்தி, உள்ளே இருக்கும் நெல்லை உள்ளங்கையில் எடுத்து, கடித்துப் பார்த்த பிறகே பேசுவார்கள். ஆலைக்குக் கொடுக்கும்போதும் அப்படித்தான். "நடுவுல குத்திப் பாத்துக்குங்க" என்று தாமே குத்தூசியை எடுத்து நீட்டுவார்கள்.

பதினான்கு மாதங்கள் படுக்கையில் இருந்து, சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அத்தா மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா தொழுகைக்கு முன், நம் ஊர்களில் வழக்கமாகச் சொல்வதுபோல், மர்ஹூம் அவர்கள் எவருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் பிள்ளைகளாகிய எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி அறிவித்தோம். இருபது நாட்கள் கழித்துப் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கையில் துண்டுச்சீட்டுக்கூட இல்லை. "பாய் நோட்டுல எழுதியிருப்பாரு, பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். பார்த்தோம். அத்தாவின் கையெழுத்திலேயே இருந்தது: நெல் வாங்கிய வகையில் மீதி 1,12,000 ரூபாய்.

அத்தாவின் சேமிப்பு மருத்துவச் செலவிலேயே கரைந்துவிட்டது. வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. கடை வாடகைக் கடை. அத்தாவின் பெயரில் எஞ்சியிருந்த பொருள் அந்த வண்டி ஒன்றுதான். ஒருவர் விட்டுச்சென்றதில் அடக்கச் செலவுக்குப் பின் கடன், அதன் பின் வஸிய்யத், அதன் பின்னரே வாரிசுகளின் பங்கு. இந்த வரிசையை நாம் எல்லோரும் அறிவோம். ஆகவே அந்த வண்டி எங்களுடையது ஆவதற்கு முன்பே அந்த விவசாயிக்குரியதாக இருந்தது. அவருக்குக் குறுவைக்குப் பணம் வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன் கொடுத்துவிடுவதாகச் சொன்னோம்.

அத்தாவின் பெயரில் இருந்த வண்டியை நேராக விற்றுவிட முடியாது. உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் படிவம் 31இல் வாரிசின் பெயருக்கு மாற்றக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றை இணைத்து எங்களில் மூத்தவரின் பெயருக்கு மாற்றினோம். பல குடும்பங்களில் இந்த வேலை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடப்பதைப் பார்க்கிறோம். அதனால் இதையும் சொல்லிவைக்கிறோம்.

பதினான்கு மாதங்கள் ஓடாமல் நின்ற வண்டி. பேட்டரியை மாற்றி, பெட்ரோல் தொட்டியைக் கழுவி, பழைய ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினோம். மூன்றாவது உதையில் எழுந்தது. எங்களில் ஒருவர் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டி வந்தார். குறை எதுவும் தெரியவில்லை. அடுத்த சுற்றுக்குத் தங்கை பின்னால் ஏறிக்கொண்டாள். ரயில்வே கேட்டைத் தாண்டி இறங்கியதும் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். "அண்ணே, பின்னால அடி நேரா முதுகெலும்புல ஏறுது. குதிச்சா நிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தோம். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. எந்த வண்டிக்கும் யாரும் செய்யலாம். வண்டியைத் தரையில் நேராக நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் பின் இருக்கையைப் பலமாக அழுத்திச் சட்டென்று கையை எடுக்க வேண்டும். நல்ல ஷாக் ஒருமுறை மேலே எழுந்து அப்படியே அடங்கும். எங்கள் வண்டி மூன்று முறை மேலும் கீழும் ஆடிய பிறகே நின்றது. இடப்பக்கத்து ஷாக்கின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து அதில் புழுதி அப்பியிருந்தது. வலப்பக்கத்தில் கசிவே இல்லை; அதில் கசிவதற்கு எண்ணெய் மிச்சமில்லை என்பது பின்னர் தெரிந்தது.

இதன் இயக்கத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஷாக் அப்சார்பரில் நம் கண்ணுக்குத் தெரிவது வெளியே சுற்றியிருக்கும் ஸ்பிரிங். எடையைத் தாங்குவதும், பள்ளத்தில் சுருங்கி விரிவதும் அதன் வேலை. ஆனால் ஸ்பிரிங்குக்கு நிற்கத் தெரியாது. ஒருமுறை அழுத்தினால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது உள்ளே மறைந்திருக்கும் குழாய். அதில் எண்ணெய் நிறைந்திருக்கும். நுண்ணிய துளைகள் உள்ள ஒரு பிஸ்டன் அந்த எண்ணெய்க்குள் ஏறி இறங்கும். துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிப் பாயும்போது ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறிக் கரைந்துபோகிறது. நாளடைவில் ஆயில் சீல் தேய்கிறது. எண்ணெய் கசிகிறது, நீர்த்துப்போகிறது. ஸ்பிரிங் மட்டும் முன்போலவே நிற்கும். வண்டியின் உயரம் குறையாது, தோற்றமும் மாறாது. வெளியே எல்லாம் சரியாக இருக்க, உள்ளே இருந்து காக்க வேண்டியது மட்டும் போயிருக்கும்.

இது சுகம் மட்டும் சார்ந்த விஷயம் அன்று. ஆடிக்கொண்டிருக்கும் சக்கரம் சாலையைச் சரியாகப் பற்றாது. மேடு பள்ளமான வளைவில் வண்டி அலையும். அவசரத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் துள்ளும். பின்னால் எடை ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறும்.

புல்லட்டின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு விந்தை தோன்றும். ஒரு காலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. சாலையின் அடி முழுவதும் அமர்ந்தவரின் உடலில்தான் இறங்கும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து 1949இல் வந்த புதிய புல்லட்டின் பெருமைகளில் முக்கியமானது, மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மும் அதைத் தாங்கும் எண்ணெய் ஷாக்குகளும்தான். 1955இல் சென்னையில் இந்த வண்டியைப் பொருத்தத் தொடங்கினார்கள். பின்னர் திருவொற்றியூரிலேயே முழுமையாகத் தயாரானது. ஆகவே ஷாக் செத்துப்போன புல்லட், பெயரளவில்தான் புல்லட்.

அந்த நேரத்தில் தரகர் ஒருவர் வண்டிக்கு ஆள் கொண்டுவந்திருந்தார். வாங்க விரும்பியவர் கும்பகோணம் பக்கத்தில் பணியாற்றும் ஓர் இளம் ஆசிரியர். பழைய புல்லட்டின்மீது அவருக்குச் சிறுவயதிலிருந்தே ஆசை. தனியாக ஓட்டிப் பார்த்தார், மகிழ்ந்தார், 1,05,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். ஷாக் நிலையைத் தங்கை கண்டறிந்தது அதற்கு மறுநாள். முன்பணம் இன்னும் கைமாறவில்லை.

தரகரிடம் விவரத்தைச் சொன்னோம். அவர் சிரித்தார். ஷாக்கைத் துணியால் துடைத்து, மூடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஸ்பிரிங்குக்கு அடியில் உள்ள காலரைக் கடைசிப் படிக்குத் திருகிவிட்டால் போதும் என்றார். அப்படித் திருகினால் ஸ்பிரிங் முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். கையால் அழுத்திப் பார்ப்பவருக்கு விறைப்பாகத் தெரியும். உள்ளே எண்ணெய் இல்லாதது புலப்படாது. "வாங்குறவர் தனியாத்தான் ஓட்டிப் பாத்திருக்காரு. அவருக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. பழைய வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்குறாரு?" என்றார். அவரைத் தீயவர் என்று சொல்ல மாட்டோம். சந்தையில் அன்றாடம் நடப்பதைத்தான் சொன்னார்.

அன்றிரவு எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. தரகரின் வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதுபோலவே தோன்றியது. ஐம்பது வயதான வண்டியை வாங்குபவர் எல்லாம் புதிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. குறையைச் சொன்னால் அவர் விலையைக் குறைக்கலாம், பின்வாங்கவும் செய்யலாம். வேறு ஆள் வர எத்தனை நாள் ஆகுமோ? ஜூன் 12 நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இலாபத்துக்காக விற்கவில்லை. மரணித்த தந்தையின் கடனை அடைக்க விற்கிறோம். கடன் தீரும்வரை மய்யித்தின் பொறுப்பு தீர்வதில்லை என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அத்தாவின் சுமையை இறக்குவது முதல் கடமையா, முன்பின் தெரியாத ஒருவருக்கு அவர் கேட்காத குறையைச் சொல்வது முதல் கடமையா?

அம்மா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்துபோய் அத்தாவின் கணக்கு நோட்டுகளில் இரண்டை எடுத்துவந்து எங்கள் முன் வைத்தார்கள். நெல் கணக்குக்கு நடுவே, 1993இல் ஓரிடத்தில் "பின் ஷாக் ஜோடி" என்று எழுதியிருந்தது. 2006இல் மீண்டும் அதே வரி. "ரெண்டு தடவையும் நான் ஒண்ணும் சொல்லல. உங்க அத்தாவே கேப்பாங்க, 'பின்னால எப்படி இருக்கு, தூக்கிப் போடுதா'ன்னு. நான் ஆமான்னு சொன்ன வாரத்துலயே மாத்திருவாங்க" என்றார்கள். சற்று நேரம் கழித்து, "அந்த வாத்தியாருக்கு வீட்டுல யாரு இருக்காங்க?" என்று கேட்டார்கள். மனைவியும் நான்கு வயது மகனும் இருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னோம். அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பஜ்ருக்குப் பின் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் விளக்கம் கேட்டோம். மதீனாவின் சந்தையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்ததையும், விரல்களில் ஈரம் பட்டதையும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியிடம் கேட்டதையும், மோசடியைக் குறித்து அவர்கள் விடுத்த எச்சரிக்கையையும் ஹஜ்ரத் நினைவூட்டினார்கள். பொருளின் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்வது அவர்மீது கடமை. வாங்கியவர் கேட்டாரா இல்லையா என்பது அதற்கு நிபந்தனை அன்று. மறைத்து விற்ற குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித்தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹ் நூல்கள் அதைக் கியாருல் அய்ப் என்று குறிப்பிடும். பிறகு எங்கள் கேள்விக்கு நேராக வந்தார்கள். தந்தையின் கடனை அடைப்பதற்காக இன்னொருவரை ஏமாற்றினால் கடன் தீராது. ஒரு விவசாயியின் ஹக் போய் ஓர் ஆசிரியரின் ஹக் வந்து சேரும், அவ்வளவுதான் என்றார்கள்.

அந்தக் கதையை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். நடுமூட்டையில் குத்தூசியைச் செலுத்திய அத்தாவின் கை அன்று அதோடு சேர்ந்து எங்கள் நினைவில் வந்தது. அந்தப் பழக்கத்தை அத்தா எங்கிருந்து பெற்றார்கள் என்பதை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னோம். "சார், நீங்கள் ஓட்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்திருக்காது. பின் ஷாக் இரண்டும் போய்விட்டன. விலையில் அதற்கானதைக் குறைத்துக்கொண்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். அல்லது பேசிய விலைக்கே நாங்கள் மாற்றித் தருகிறோம். வேண்டாம் என்றாலும் எங்களுக்கு வருத்தமில்லை" என்றோம். யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டார். இரண்டு நாட்கள் பதில் இல்லை. அந்த இரண்டு நாட்களும் எளிதாகக் கழியவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டார்.

தஞ்சாவூரில் பழைய புல்லட்டுகளை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அவர் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் பழைய ஷாக்கின் மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த்துளையின் நடு வரையுள்ள நீளத்தை அளந்தார். புதியது அதே நீளம் இருக்க வேண்டும். உயரம் மாறினால் வண்டியின் சாய்வு மாறும். செயினின் தொய்வும் முகப்பு விளக்கின் ஒளி விழும் இடமும் மாறும். ஒன்று மட்டும் கசிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கப்படும். புதிய ஜோடியைச் சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்களுக்கு இடையே தேட வேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்தோம். பொருத்தமான புதிய ஜோடி தஞ்சாவூர்க் கடையிலேயே கிடைத்தது.

துருவேறிய நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தார். மறுநாள் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து முட்டுக்கொடுத்தார். ஒரு பக்கத்து ஷாக்கைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஸ்விங் ஆர்ம் கீழே இறங்கிவிடும். பிறகு துளைகளை ஒன்றுசேர்ப்பது பெரும்பாடு. கழற்றிய வலப்பக்கத்து ஷாக்கை எங்கள் கையில் கொடுத்து, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுத் தண்டை அழுத்தச் சொன்னார். ஒரு விரலால் அழுத்தியதும் தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. வெளியே அது எவ்வளவு திடமாகத் தெரிந்தது என்பதை நினைத்துப் பார்த்தோம்.

ஒரு பக்கத்து ஷாக்கைக் கழற்றியிருந்தபோதே சக்கரத்தைப் பிடித்து இடவலமாக அசைத்துப் பார்த்தார். ஸ்விங் ஆர்மின் புஷ்களிலும் ஆட்டம் இருந்தது. இதை விட்டுவிட்டுப் புதிய ஷாக் மாட்டினால் பாதி வேலைதான் என்றார். அதையும் மாற்றச் சொன்னோம். புதிய ஷாக்குகளை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து எட்டுப் பத்து முறை முழுவதுமாக அழுத்தி விட்டார். கடையில் படுக்கவைத்திருந்தபோது எண்ணெயில் கலந்த காற்று மேலே ஏறிவிடுவதற்காக. ரப்பர் புஷ்களில் கிரீஸ் தடவவில்லை. அது நாளடைவில் ரப்பரைக் கெடுக்கும் என்று சோப்பு நீரைத் தொட்டே செருகினார். நட்டுகளை அரைகுறையாக முடுக்கி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுவதுமாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். கடைசியாக ஒருவரை வண்டியின்மேல் அமரவைத்துச் செயினின் தொய்வைச் சரிபார்த்தார். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

ஷாக் ஜோடி 3,600 ரூபாய். புஷ்ஷும் கூலியும் 1,400 ரூபாய். ஆக மொத்தம் 5,000.

வண்டியைப் பெற்றுக்கொள்ள வரும்போது மனைவியையும் மகனையும் அழைத்து வரும்படி ஆசிரியரிடம் சொல்லியிருந்தோம். வந்தார்கள். மகன் எங்கள் அம்மாவிடம் இருக்க, கணவனும் மனைவியுமாக ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினார்கள். வண்டியைப் பற்றி முதலில் கேட்டது ஆசிரியரிடம் அன்று, அவருடைய மனைவியிடம். அம்மாதான் கேட்டார்கள்: "பின்னால எப்படிம்மா இருக்கு, தூக்கிப் போடுதா?" இல்லை என்று சிரித்த அந்தப் பெண், தாம் ஐந்து மாதக் கர்ப்பிணி என்று அம்மாவின் காதருகில் மெல்லச் சொன்னார். தரகருக்கு அது தெரியாது. எங்களுக்கும் அதுவரை தெரியாது. ஏழாம் மாதம் வரைக்கும்கூட வண்டியில் ஏற்றாதே என்று அம்மா ஆசிரியருக்கு அன்போடு கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் போகட்டும், இல்லையேல் ஆட்டோவில் போகட்டும் என்றார்கள்.

கணக்கு இப்படி முடிந்தது. வண்டிக்கு வந்த 1,05,000 ரூபாயில் 5,000 செலவு போக ஒரு இலட்சம் எஞ்சியது. கடனுக்கு 12,000 குறைந்தது. அத்தா விட்டுச்சென்ற பொருளுக்கு மேல் பிள்ளைகள் தர வேண்டும் என்ற கட்டாயம் மார்க்கத்தில் இல்லை. ஆயினும் மூவரும் ஆளுக்கு 4,000 போட்டோம். வாரிசுரிமையில் தன் பங்கு எங்கள் பங்கில் பாதிதான் என்றாலும் இதில் சமமாகவே தருவேன் என்று தங்கை பிடிவாதமாக நின்றாள். மே மாதக் கடைசியில் பாபநாசம் போய் 1,12,000 ரூபாயை அந்த விவசாயியின் கையில் எண்ணிக் கொடுத்தோம். நோட்டில் அத்தா எழுதிய வரிக்குக் கீழே, பெற்றுக்கொண்டதாக அவரே கையெழுத்திட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

பொருளின் வெளித்தோற்றம் நன்றாக இருக்கும்போது அதன் உள்குறையை அறிந்தவர் விற்பவர் ஒருவரே. அந்த அறிவு அவரிடம் இருக்கும் ஓர் அமானிதம். வீடு விற்பவருக்கு மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஒழுகும் என்று தெரியும். மாடு விற்பவருக்கு அது எந்த வேளையில் பால் தர மறுக்கும் என்று தெரியும். பழைய வண்டி விற்பவருக்கு அதன் பின் இருக்கை எப்படி என்று தெரியும், கேட்டறிந்திருந்தால். அந்தக் குறையின் விலையைக் கொடுப்பவர் பேரம் பேசியவராக இல்லாமல் போகலாம். அவரை நம்பி அவருக்குப் பின்னால் ஏறி அமரும் ஒரு பெண்ணாகவோ குழந்தையாகவோ இருக்கலாம். அவர்கள் நம் கண்முன் வருவதே இல்லை. ஆனாலும் அவர்களுக்கும் நம்மீது ஹக் உண்டு.

விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் இந்த வாரம் ஒரு வேலை செய்யலாம். உங்கள் வண்டியின் பின் இருக்கையை அழுத்திவிட்டு, அது எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று பாருங்கள். ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வீட்டில் யாரேனும் ஒருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் அமர்ந்து உங்கள் தெருவைக் கடந்து பாருங்கள். பிறகு, வழக்கமாக அங்கே அமர்பவரிடம் நீங்களாகவே கேளுங்கள். அவர்கள் உடனே சொல்லிவிட மாட்டார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

நம் கொடுக்கல் வாங்கலில் மறைவானதையும் வெளிப்படையானதையும் அறிந்த அல்லாஹ், நம் பெற்றோரின் கடன்களை நேர்மையான வழியில் தீர்க்கும் வாய்ப்பை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.